சுங்கை சிப்புட் வைண்டிங் கடையும் கிலோவாட் டிரான்ஸ்மிட்டரும்

ஒலிபரப்பு நிலையம் கழித்துப்போட்ட ஏஎம் டிரான்ஸ்மிட்டரை அமெச்சூர் வானொலிக்காரர்களின் 160 மீட்டர் அலைவரிசைக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் முதலில் வால்வைத் தேடித்தான் அலைகிறார்கள். வால்வுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பெட்டிகளில் இருக்கும் 833ஏ வால்வுக்கு ஈடாகச் சீனாவில் செய்யும் எஃப்யு-33 காசு கொடுத்தால் வீட்டுக்கே வந்துவிடும். வேலையை முடக்குவது இரும்புதான்: பிளேட் டிரான்ஸ்பார்மர் (வால்வுக்கு உயர்மின்னழுத்தம் தருவது), பிலமென்ட் டிரான்ஸ்பார்மர் (வால்வின் இழையைச் சூடாக்குவது), சோக் (டிசியின் அலைச்சலைத் தணிப்பது), மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் (ஒலியை வானலைமேல் ஏற்றுவது), புளோவர் மோட்டார். இவற்றைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் வரை போகாமல் சுங்கை சிப்புட்டில் இருக்கும் மோட்டார் வைண்டிங் கடையிலேயே முடித்துக்கொள்ள முடியுமா என்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பலரும் கேட்பதுண்டு. பாதிக்கு மேல் முடியும். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குறையும் சொல்லவேண்டியிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

தோட்டத்து ஊர்களில் எங்கும் பார்க்கும் வகைக் கடைதான். வாசலில் செம்பனை ஆலையிலிருந்து வந்த பிரஸ் மோட்டார் வாய் பிளந்து கிடக்கும். பக்கத்தில் தோட்டத்து தண்ணீர் பம்பு. உள்ளே கையால் சுற்றும் வைண்டிங் மெஷின், எண் காட்டும் கவுண்டர், வார்னிஷ் தொட்டி, சூளை, செயின் பிளாக், 500 வோல்ட் மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்). மோட்டார் வேலையில் சுத்தம். 240 வோல்ட், 415 வோல்ட் வரைக்கும் இவர்கள் கையை நம்பலாம். அதற்கு மேலே போகும் எதற்கும் வேண்டிய மின்காப்பு என்ன என்பதை நீங்கள்தான் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் பெட்டி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குவின்சி நகரில் தயாரான கேட்ஸ் பிசி-1டி போன்ற 1 கிலோவாட் வகை. இறுதிக்கட்டத்தில் இரண்டு 833ஏ, மாடுலேட்டரில் (ஒலியைப் பெருக்கும் பகுதியில்) இரண்டு 833ஏ, சுமார் 2,500 வோல்ட் உயர்மின்னழுத்தம். அமெரிக்காவிலிருந்து வந்தாலும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தாலும் இவை 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. நம் ஊரில் 50. பெரும்பாலான தொல்லை இங்கே ஆரம்பிக்கிறது.

230 வோல்ட் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் அதே 230 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் இரும்பில் காந்தப் பாய்வு 20 விழுக்காடு ஏறும். மலேசியாவில் 2008 முதல் கணக்குக்கு 230 வோல்ட் என்றாலும் பல வீடுகளில் பிளக்கில் மீட்டர் வைத்தால் 240 காட்டும். அப்போது ஏற்றம் 25 விழுக்காடு. 1.3 டெஸ்லாவில் நிம்மதியாக ஓடவேண்டிய இரும்பு 1.6-ஐத் தாண்டிவிடும். லோடு இல்லாமலே உறுமும், சுடும், ஃபியூஸ் போகும். இதைக் கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிடலாம். வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வழியாக மெதுவாக ஏற்றிக்கொண்டே பிரைமரி (உள்ளீட்டுச் சுற்று) கரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் வரை சீராக ஏறும் கரண்ட் திடீரென்று தாவும். அந்த இடத்துக்குக் கீழேதான் உங்கள் டிரான்ஸ்பார்மர் வாழவேண்டும்.

இந்தக் கதையைச் சொன்னதும் கடையில் வரும் முதல் யோசனை, "எல்லாத்தையும் அவுத்து 50-க்குச் சுத்திடலாம் தம்பி." கணக்கு சரிதான்: பிரைமரியில் 20 விழுக்காடு சுற்று கூட்டினால் தீரும். ஆனால் பல ஆயிரம் சுற்று கொண்ட செகண்டரியை (வெளியீட்டுச் சுற்றை) தொடாமல் பிரைமரியை மட்டும் எடுக்க முடிகிற அமைப்பு அபூர்வம். நல்ல நிலையில் இருக்கும் உயர்மின்னழுத்தச் சுற்றை அவிழ்ப்பது தேவையில்லாத வம்பு. இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

வேறு வழி இருக்கிறது, செலவும் குறைவு. ஏஎம்மில் 100 விழுக்காடு மாடுலேஷனில் உச்சத் திறன் கேரியரைப்போல் (பேச்சில்லாதபோதும் ஓடும் அடிப்படை அலை) நான்கு மடங்கு. 1 கிலோவாட் கேரியர் என்றால் உச்சம் 4 கிலோவாட். நம் அமெச்சூர் உரிமத்தில் அதற்கு இடமே இல்லை. பிளேட் வோல்ட்டைப் பாதியாக்கினால் கேரியர் கால்வாசி, 250 வாட். அதாவது பிளேட் டிரான்ஸ்பார்மருக்கு 120 வோல்ட் கொடுத்தால் போதும். 50 ஹெர்ட்ஸில் 120 வோல்ட் கொடுத்தால் இரும்பில் பாய்வு அதன் தகுதியில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. இரும்பு காந்தப் பாய்வால் நிரம்பும் சாச்சுரேஷன் பிரச்சினை இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வோல்ட்டும் கரண்டும் சேர்ந்தே பாதியாவதால் இறுதிக்கட்டத்தின் இம்பிடன்ஸ் (வோல்ட்-கரண்ட் விகிதம்) மாறாது. மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரின் பொருத்தமும் கெடாது. மாடுலேட்டரின் பயாஸை (வால்வின் கிரிட்டில் உள்ள நிலை வோல்ட்டை) மட்டும் குறைத்து நிலைக் கரண்டைத் திரும்ப வைக்க வேண்டும். உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் அளவு இன்னும் கீழே என்றால் 100 வோல்ட்டுக்கு இறங்குங்கள்.

ஆகவே கடையில் கொடுக்கவேண்டிய ஆர்டர் டேப் (சுற்றின் இடையில் எடுக்கும் வெளிமுனை) வைத்த ஓர் ஆட்டோ டிரான்ஸ்பார்மர். 40 சதுர சென்டிமீட்டர் நடுக்கால் உள்ள இரும்பு, 1.2 டெஸ்லா என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.07 வோல்ட். 240 வோல்ட்டுக்கு 225 சுற்று. 94-ஆவது சுற்றில் 100 வோல்ட், 113-இல் 120, 141-இல் 150, 180-இல் 192. கம்பி 13 எஸ்டபிள்யுஜி (கம்பித் தடிமன் எண்). 192 என்பது 230-இன் ஆறில் ஐந்து பங்கு; முழு அளவில் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலான ரெசிஸ்டரில்) சோதிக்க மட்டும். இந்த வேலையைக் கடை மிக அருமையாகச் செய்கிறது. டேப்புகளைச் சுற்றின் நடுவே முறுக்கி இழுக்காமல், தனிக் கம்பியைப் பற்றவைத்து, கண்ணாடி நார்க் குழாய் போட்டு வெளியே கொண்டுவருகிறார்கள். டெர்மினல் பலகையில் எண் பொறித்துத் தருகிறார்கள். வார்னிஷில் முக்கி, சூளையில் காயவைத்து வரும்போது லாமினேஷன் (இரும்புத் தகடுகள்) கொஞ்சமும் அதிர்வதில்லை. இதற்கு மட்டும் தனி மதிப்பெண் போட்டால் ஐந்துக்கு ஐந்து.

இரண்டு எச்சரிக்கை. ஆட்டோ டிரான்ஸ்பார்மர் பெட்டியை மெயினிலிருந்து பிரித்துவைக்காது. பொதுமுனை நியூட்ரலாகத்தான் இருக்க வேண்டும். டேப்பை மாற்றுவது மெயின் அணைத்த பிறகுதான். இன்னொன்று, இதன் வழியாக பிளேட் டிரான்ஸ்பார்மர் மட்டும் போகவேண்டும். பெட்டி முழுவதையும் இதில் மாட்டினால் பிலமென்ட் பட்டினி கிடக்கும்.

பிலமென்ட்டுக்கு எப்படியும் புதிது சுற்றத்தான் வேண்டும். 833ஏ ஒன்றுக்கு 10 வோல்ட், 10 ஆம்பியர். ஜோடிக்கு 20 ஆம்பியர், 200 வோல்ட்-ஆம்பியர். தோரியம் கலந்த டங்ஸ்டன் என்பதால் 5 விழுக்காட்டுக்கு மேல் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. 25 சதுர சென்டிமீட்டர் இரும்பில் ஒரு சுற்றுக்கு 0.67 வோல்ட் வரும்; செகண்டரியில் ஒரு சுற்றைக் கூட்டிக் குறைத்து நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாது. அதனால் செகண்டரியை 16 சுற்றாக, நடுவில் சென்டர் டேப்போடு, 14 எஸ்டபிள்யுஜி கம்பி இரண்டைச் சேர்த்துச் சுற்றச் சொல்லிவிட்டு, பிரைமரியில் 345, 360, 375, 390 சுற்றுகளில் டேப் கேளுங்கள். லோடோடு, வால்வு சாக்கெட்டின் முனையிலேயே மீட்டர் வைத்து 10 வோல்ட் வரும் டேப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கடையில் "டெர்மினல்ல பத்து வருதுண்ணே" என்று அங்கே வேலை செய்யும் தம்பி காட்டுவார். லோடு இல்லாமல் அங்கே காட்டும் பத்து, நீண்ட கம்பியைக் கடந்து 20 ஆம்பியரில் சாக்கெட்டுக்குப் போகும்போது ஒன்பதே கால் ஆகிவிடும்.

கடை சறுக்கும் இடத்துக்கு வருவோம். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வுகளின் பிலமென்ட் டிரான்ஸ்பார்மர். இந்த வகைப் பெட்டிகளில் 8008 அல்லது 872ஏ என்ற பாதரச ஆவி வால்வுகள் இருக்கும். 5 வோல்ட், தலா 7.5 ஆம்பியர். பார்வைக்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனால் அந்த 5 வோல்ட் சுற்று முழுதாக 2,500 வோல்ட் மேலே உட்கார்ந்திருக்கிறது. கடையில் வழக்கம்போல் பிரைமரிமேல் ஒரே அடுக்கு பிரஸ் பேப்பர் வைத்து, ஓரம் வரை செகண்டரியைச் சுற்றித் தந்தார்கள். 500 வோல்ட் மெகரில் அருமையாகத் தேறும். உயர்மின்னழுத்தம் ஏறிய மறுகணம் பிரைமரிக்குப் பாயும். வேண்டியது மைலார் அல்லது நோமெக்ஸ் மின்காப்புத் தாள் பல அடுக்கு, இரு ஓரமும் 8 மில்லிமீட்டராவது கம்பியில்லாத வெற்றிடம், முனைகள் எதிரெதிர்ப் பக்கமாக வெளியேறுவது. திருப்பிக் கொடுத்தபோது முகம் சுளிக்காமல் மாற்றிச் சுற்றினார்கள், கூலி கேட்கவில்லை. ஆனாலும் எழுதிக் கொடுக்காவிட்டால் முதல்முறை தவறாகத்தான் வரும்.

எங்களைக் கேட்டால் அந்த டிரான்ஸ்பார்மரே வேண்டாம். பாதரச வால்வை எடுத்துவிட்டு சிலிக்கான் போடுங்கள். ஒரு வால்வின் இடத்துக்கு 1என்5408 டயோடு இருபது தொடராக. முழு 2,500 வோல்ட்டிலும் எதிர்மின்னழுத்தம் 8,000-க்குக் கீழேதான் வரும். இருபது டயோடு 20,000 வரை தாங்கும். பாதரச வால்வு உடைந்தால் வரும் நச்சுக் கவலையும், இடம்மாற்றிய வால்வை நெடுநேரம் வெறுமனே சூடாக்கிவைக்கும் காத்திருப்பும் போய்விடும். ஒரே விளைவு, உயர்மின்னழுத்தம் சுவிட்ச் போட்ட உடனே பாயும். பிரைமரியில் 10 ஓம் ரெசிஸ்டர் வைத்து, அரை நொடி கழித்து அதை ரிலேயால் ஷார்ட் செய்துவிடுங்கள்.

அடுத்து சோக். சூடானால் கடைக்குத்தான் போகும், போய் அங்கே கெட்டும் போகும். ஃபில்டர் சோக்கில் டிசி ஓடுவதால் இரும்பில் காற்றிடைவெளி வேண்டும். ஈ-வடிவத் தகடுகள் ஒரு பக்கம், ஐ-வடிவத் தகடுகள் எதிர்ப்பக்கம், நடுவே பழுப்பு நிறக் காகிதப் பட்டை. தகடுகளைத் தட்டி எடுக்கும்போது அந்தப் பட்டை மேசையில் விழும். பழைய குப்பை என்று கூட்டித் தள்ளப்படும். திரும்ப அடுக்கும்போது டிரான்ஸ்பார்மர் பழக்கத்தில் ஈயும் ஐயும் மாற்றி மாற்றி அடுக்கிவிடுவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மேசைமேல் வைத்து அளந்தால் இண்டக்டன்ஸ் முன்னைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காட்டும். கடைக்கும் மகிழ்ச்சி, உங்களுக்கும் மகிழ்ச்சி. டிசி கரண்ட் ஓடியதும் இரும்பு நிரம்பி, இண்டக்டன்ஸ் சரிந்து, கேரியரில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறும். கடையில் விடும் முன் பட்டையின் தடிமனை வெர்னியரில் அளந்து, சோக்கின் மேலேயே பெயிண்டில் எழுதிவிடுங்கள்: "இடைவெளி 0.5, மாற்றி அடுக்காதே" என்பதுபோல.

50 ஹெர்ட்ஸில் சோக் பற்றி இன்னும் ஒன்று. சோக் உள்ளீட்டு ஃபில்டருக்கு வேண்டிய குறைந்தபட்ச ஹென்ரி, 60 ஹெர்ட்ஸில் லோடு ஓமை 1,130-ஆல் வகுத்தால் வருவது. நம் ஊரில் 940-ஆல் வகுக்க வேண்டும். 4,200 ஓம் லோடுக்கு 3.7 ஹென்ரி போதுமாக இருந்தது இங்கே 4.5 ஆகும். பெரும்பாலான பழைய சோக்குகளில் இதற்கு இடமிருக்கும். பிளீடர் ரெசிஸ்டர் (எப்போதும் சிறு லோடாக நிற்பது) அறுந்திருந்தால் மட்டும் லோடு குறையும்போது வோல்ட் எகிறும். அதை முதலில் பாருங்கள்.

புளோவர் மோட்டார் கடையின் சொந்த மைதானம். 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1,725 சுற்று ஓடியது 50-இல் 1,425 அளவுக்கு இறங்கும். காற்றும் அதே விகிதத்தில் குறையும், மோட்டாரோ கூடுதலாகச் சுடும். 50 ஹெர்ட்ஸுக்குத் திரும்பச் சுற்றி, பேரிங்கை மாற்றி, பழைய இறக்கையையே பூட்டித் தருகிறார்கள். கால்வாசித் திறனில் 833ஏ-க்கு அந்தக் காற்று தாராளம். கான்டாக்டர் (பெரிய ரிலே) காயிலைச் சுற்றுவதில் அர்த்தமில்லை. 240 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் கான்டாக்டர் ஊரிலேயே எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் போய்விட்டால்? கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு நேர்மையாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, இதுல பிரைமரியும் செகண்டரியும் மாத்தி மாத்திச் சுத்தியிருக்கான். ஒண்ணு தப்பினாலும் உங்க சத்தம் கெட்டுப்போகும். நம்ம பட்டறைக்கு இது ஆகாது." இப்படி ஒதுங்கத் தெரிந்த கடையைக் குறை சொல்ல முடியாது. அடுக்கடுக்காகப் பிரித்துச் சுற்றுவது லீக்கேஜ் இண்டக்டன்ஸை (ஒரு சுற்றிலிருந்து மற்றதுக்குச் சேராமல் சிதறும் காந்தப் பாய்வின் விளைவை) குறைக்கத்தான். அது கூடினால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மழுங்கும். ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் புத்தி. ஆர்எஃப் (வானலை) லோடு இல்லாமல் ஆடியோ கொடுப்பதுதான் இதைக் கொல்லும் முதல் காரணம். ஆன்டெனா கழன்று இறுதிக்கட்டம் நின்றுபோன நொடியில் செகண்டரியில் வோல்ட் எகிறி, காப்பைத் துளைக்கும். இறுதிக்கட்டக் கரண்ட் நின்றால் ஆடியோவைத் துண்டிக்கும் ரிலே ஒன்றும், செகண்டரிக்குக் குறுக்கே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பித்தளைக் குண்டும் வையுங்கள். நலமாக இருக்கிறதா என்று பார்க்க, பிரைமரியின் ஒரு பாதிக்கு 20 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் கொடுத்து மறுபாதியில் அளக்கவும். குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டால் உள்ளே சுற்று ஒட்டியிருக்கலாம்.

இந்தக் கடையிடம் வாங்கவேண்டிய மிகச் சிறந்த சேவை, அவர்களே சேவையாக நினைக்காத ஒன்று: சூளை. நம் ஊர் ஈரத்தில் பல வருடம் கிடந்த டிரான்ஸ்பார்மரின் காகிதம் தண்ணீரைக் குடித்திருக்கும். மெகரில் 2 மெகோம் காட்டியது, 105 டிகிரியில் ஓர் இரவு வைத்து எடுத்தால் பல நூறுக்கு ஏறியிருக்கும். செத்தது என்று ஒதுக்கிய இரும்பில் பாதி இப்படியே பிழைத்துவிடும். ஆறும் முன்பே வார்னிஷில் முக்கச் சொல்லுங்கள்; ஆறினால் திரும்ப ஈரம் ஏறிக்கொள்ளும். தகர டப்பாவில் தார் ஊற்றி மூடிய வகையை மட்டும் சூளையில் வைக்கக்கூடாது, உருகி ஓடும்.

சோதனை விஷயத்தில் கடையை நம்ப வேண்டாம். 500 வோல்ட் மெகர் மோட்டாருக்குப் போதும், 2,500 வோல்ட் சுற்றுக்கு ஒன்றும் சொல்லாது. ஆலையில் சார்ஜ்மேனாக (மின்பொறுப்பாளராக) இருப்பவர் யாரையாவது தெரிந்திருந்தால் 5 கிலோவோல்ட் மெகர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கடையிலேயே உயர்மின்னழுத்தம் ஏற்றிக் காட்டச் சொல்லவே சொல்லாதீர்கள். அங்கே கதவுப் பூட்டு சுவிட்சும் இல்லை, எர்த் கொக்கியும் இல்லை. சிறுபிள்ளைகள் சைக்கிளில் வந்து எட்டிப் பார்க்கும் இடம்.

கடைக்குக் கொண்டுபோகவே கூடாதவை எண்ணெய் நிரப்பிய பழைய கெப்பாசிட்டர்கள். பைரனால், இனர்டீன், அஸ்கரெல் என்று எழுதியிருந்தால் உள்ளே பிசிபி நஞ்சு. பழைய சுற்றை எடுக்கக் கடைகளில் தீவைத்து எரிக்கும் வழக்கம் உண்டு; பிசிபி பட்ட பொருள் எரிந்தால் டயாக்சின் கிளம்பும். நஞ்சில்லாத இரும்பிலும், எரித்தால் தகடுகளுக்கு நடுவே உள்ள காப்பு கருகி எடி கரண்ட் (இரும்பைச் சூடாக்கும் வீண் கரண்ட்) ஏறும். "வெட்டி எடுங்க, எரிக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய கெப்பாசிட்டர் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின் கீழ் வருவது. சுற்றுச்சூழல் துறை உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம்தான் போகவேண்டும், பழைய இரும்பு லோரியில் அல்ல. அதன் இடத்தில் பாலிபுரோப்பிலீன் கெப்பாசிட்டர் போட்டால் பாதி இடம்கூடப் பிடிக்காது.

ஆர்எஃப் பக்கத்தில் கடைக்கு வேலையில்லை. 1,400 கிலோஹெர்ட்ஸில் இருந்த பெட்டியை 1,850-க்குக் கொண்டுவர, அலைவரிசைக்கு இசைக்கும் டேங்க் காயிலும் கெப்பாசிட்டரும் முக்கால் பங்காக வேண்டும். டிரைவர் காயிலும் அப்படியே. ஹார்மோனிக் டிராப்பை (மடங்கு அலைகளைத் தடுக்கும் பகுதியை) மறந்துவிட்டு, டியூன் ஆகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம். வேலை முடிந்ததும் காற்றுத்துளைகளுக்கெல்லாம் நுண்வலை அடியுங்கள். 833ஏ-யின் வெதுவெதுப்பு பல்லிக்கு ரொம்பப் பிடிக்கும். பிளேட் தொப்பிக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்று நீட்டிப் படுத்தால் ஃபியூஸோடு போகும்.

கூலி செம்பின் எடைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று பிரித்துப் போடுகிறார்கள். செம்பு விலை அன்றன்றைக்கு மாறும் என்பதால் எடையை உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார்கள். பாதி முன்பணம். ரசீதில் சுற்று எண்ணிக்கையும் கம்பி எண்ணும் எழுதித் தருகிறார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் கிடைக்குமா என்றால், ஆலை மோட்டார் ஒன்று எரிந்து வந்துவிட்டால் கிடைக்காது. ஆலை நின்றால் பழம் அழுகும், உங்கள் டிரான்ஸ்மிட்டர் நின்றால் எதுவும் அழுகாது என்பது அவர்கள் கணக்கு. அதில் தவறு காண முடியவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கொடுக்கவே வேண்டாம். பிளேட் டிரான்ஸ்பார்மரை லோரியில் ஏற்றக் கடையின் செயின் பிளாக் இருக்கிறது. வீட்டில் இறக்க ஆள் பார்ப்பது உங்கள் பாடு.